ஒப்புக்குச் சப்பாணிகளுக்கு ஓர் ஆசிரியர்

பந்து வருகிறது. ஆறு வயதுக் குழந்தை இரண்டு கைகளையும் விறைப்பாக முன்னே நீட்டுகிறது. பந்து நெருங்கியதும் கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பந்து மார்பில் பட்டுத் தெறித்து ஓடுகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். இதே குழந்தை சிலேட்டில் ‘அ’னாவின் சுழியை இடம் வலமாக மாற்றிப் போட்டிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து மறுபடி எழுத வைத்திருப்பார். பந்தைத் தவறவிட்ட குழந்தைக்குக் கிடைப்பது, “சரி, நீ அப்படி ஓரமா நில்லு.”

அந்தக் குழந்தை செய்தது பிழையே அல்ல, கற்பதில் ஒரு கட்டம். முதலில் முகம் திரும்பும். பிறகு கண் திறந்திருக்கும், ஆனால் பந்தை நெஞ்சோடு அணைத்துத்தான் பிடிக்க வரும். அதற்கும் பிறகுதான் உள்ளங்கைகள் பந்தை எதிர்கொண்டு வாங்கும்; முழங்கை மடங்கி அதன் வேகத்தைத் தணிக்கும். எறிவதிலும் இப்படித்தான். வலக்கையால் எறிகிற சின்னப் பிள்ளை வலக்காலையே முன்னே வைக்கும். இடக்காலை எடுத்துவைத்து, இடுப்பைத் திருப்பி எறிய வேண்டும் என்பது உடம்புக்குப் பிடிபடச் சில வருஷங்கள் ஆகும். வயது ஏறினால் இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். பலருக்கு வருவதில்லை. யாராவது காட்டிக்கொடுத்து, போதிய தடவை செய்து பார்க்க இடமும் கொடுத்தால்தான் வருகிறது. இல்லையென்றால் நாற்பது வயதிலும் முகம் திரும்புகிறது.

உலகம் இப்போது இதை ‘உடல் எழுத்தறிவு’ என்று பேசுகிறது. இங்கிலாந்தில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் வேலையில் இருந்த மார்கரெட் வைட்ஹெட், 1993-ல் மெல்பர்னில் நடந்த மாநாடு ஒன்றில் இந்தக் கருத்தை முன்வைத்தார். மெர்லோ-பாண்டி போன்ற தத்துவவாதிகளைப் படித்து, உடம்பும் மனமும் இரண்டல்ல என்ற இடத்திலிருந்து தொடங்கியவர் அவர். இயங்க வேண்டும் என்ற விருப்பம், என்னால் முடியும் என்ற துணிவு, இயங்கும் திறன், ஏன் எப்படி இயங்குகிறோம் என்ற அறிவு ஆகிய எல்லாம் கூடிவந்து, ஒருவர் தன் ஆயுள் முழுக்கத் தன் உடம்பைத் தானே பொறுப்பேற்று இயங்கவைத்துக்கொண்டிருந்தால் அவர் உடல் எழுத்தறிவு பெற்றவர். மெடல் அந்தக் கணக்கில் இல்லை.

‘எழுத்தறிவு’ என்ற சொல் தமிழில் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. உடம்பில் ஏது எழுத்து? ஆனாலும் ஒரு காரணத்துக்காக அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். எழுத்தறிவு என்றாலே அது எல்லோருக்குமானது என்பதில் நமக்குச் சந்தேகம் கிடையாது. கவிஞராகப் போகிற பிள்ளைக்கு மட்டும் அ, ஆ சொல்லித்தருவோம் என்று எந்தப் பள்ளியும் சொல்வதில்லை. மைதானத்தில் மட்டும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கென்று 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், எட்டு வயதுக்குள் எந்தப் பிள்ளையும் வாசிக்கத் தெரியாமல் இருந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டது. எட்டு வயதுக்குள் எந்தப் பிள்ளையும் எறியவும் பிடிக்கவும் தாவவும் தெரியாமல் இருந்துவிடக் கூடாது என்று கவலைப்பட நம்மிடம் யார் இருக்கிறார்கள்?

உச்ச நீதிமன்றத்துக்கு இந்தக் கவலை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கிறது. விளையாட்டை அடிப்படை உரிமையாக்கக் கோரிய பொதுநல வழக்கில், நீதிமன்றத்துக்கு உதவியாக நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் கோபால் சங்கரநாராயணன், ‘விளையாட்டு’ என்பதைவிட ‘உடல் எழுத்தறிவு’ என்ற சொல்லே பொருந்தும் என்றும், ஒவ்வொரு பள்ளி நாளிலும் 90 நிமிடங்களை விளையாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் தன் அறிக்கையில் பரிந்துரைத்தார். உலக சுகாதார நிறுவனம் கேட்பது 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம். 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலகின் பதின்வயதினரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. ஆகவே நிமிடங்களுக்காகப் போராடுவது நியாயம்தான். ஆனால் 90 நிமிடம் கிடைத்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த 90 நிமிடத்தில் பந்தைக் கண்டு முகம் திருப்பும் குழந்தையின் அருகில் போய் நிற்கப்போவது யார்? அதற்கு அவருக்கு யார் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்?

பதில் சொல்ல வேண்டிய இடம் உடற்கல்வியியல் கல்லூரி. இந்த விஷயத்தில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. பள்ளிகளில் டிரில் என்றால் அணிவகுப்பும் அதட்டலும் என்றிருந்த காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் 1920-ல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அறியப்படும் அது நந்தனத்தில் இன்றும் நடக்கிறது. 1924 பாரீஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிச்சென்றவரும் அவரே. உடற்பயிற்சி சொல்லித்தருவது முறையாகப் படித்துச் செய்ய வேண்டிய ஆசிரியத் தொழில் என்று இந்த நாட்டுக்குக் காட்டியது அந்தக் கல்லூரி. உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் 2004-ல் தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகமே அமைத்த மாநிலமும் தமிழ்நாடு. நூறு வருஷப் பழக்கமுள்ள ஓர் ஊரிடம் கூடுதலாகக் கேட்கலாம், தப்பில்லை.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பட்டப் படிப்பான பி.பி.எட். வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்லூரி அணியில் கபடி ஆடியவர், மாவட்ட அளவில் குண்டு எறிந்தவர், பல்கலைக்கழகத்துக்காக ஓடியவர். சேர்க்கைக்கே விளையாட்டுச் சான்றிதழும் உடற்தகுதித் தேர்வும் வேண்டும். அதில் குற்றம் காண முடியாது. நீந்தத் தெரியாதவரிடம் யார் நீச்சல் கற்பார்கள்? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட மைதானத்தில் ஜெயித்தவர்கள். அணி பிரிக்கும்போது முதலில் கூப்பிடப்பட்டவர்கள். பந்து எப்போது கைக்குள் வந்து உட்காரத் தொடங்கியது என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்காது, தமிழ் பேசக் கற்றது நமக்கு ஞாபகம் இல்லாததைப் போல. கடைசி ஆளாக நிற்கிறவனின் அடிவயிறு எப்படிப் பிசையும் என்பதும் தெரியாது.

டான் லார்ட்டி என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1975-ல் ஆசிரியத் தொழிலைப் பற்றி எழுதிய நூலில் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்: ஆசிரியப் பயிற்சிக்கு வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை, மாணவராகப் பல ஆண்டுகள் தன் ஆசிரியர்களைப் பார்த்துப் பார்த்தே ஒரு பயிற்சியை முடித்துவிட்டுத்தான் வருகிறார். நம் உடற்கல்வி மாணவர் அப்படிப் பார்த்தது என்ன? கழுத்தில் விசில், கையில் பிரம்பு. பிரேயரில் வரிசை சரிசெய்வது, தாமதமாக வந்தவர்களை கேட்டில் நிறுத்துவது, முடி வெட்டாதவனைப் பிடிப்பது. ஜூலை பிறந்தால் குறுவட்டப் போட்டி, அப்புறம் வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம்; பன்னிரண்டு பேர் கொண்ட அணியோடு ஊர் ஊராகப் பயணம். மீதிப் பேருக்கு, “இந்தாங்கடா பந்து, போய் விளையாடுங்க.” இந்தச் சித்திரம் பன்னிரண்டு வருஷம் மனத்தில் ஊறியிருக்கிறது. இரண்டு வருஷப் படிப்பு அதன்மேல் உடற்கூறியலையும் உடலியங்கியலையும் பூசி அனுப்பினால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பூச்சு உதிர்ந்து பழைய பி.டி. வாத்தியார் எழுந்து நிற்பார்.

அந்த வாத்தியார்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்கென்று பணியிடமே கிடையாது. அதற்கு மேலே உள்ள வகுப்புகளுக்காக ஓவியம், தையல் ஆசிரியர்களோடு சேர்த்து 2012-ல் 16,549 பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள்; மாதம் ரூ.5,000. போராட்டங்களுக்குப் பிறகு அது 2024-ல் ரூ.12,500-க்கு வந்தது. அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவரைப் பார்த்து வைட்ஹெட்டைப் படித்தீர்களா என்று கேட்பது அநாகரிகம். பொதுத்தேர்வு நெருங்கினால் அவருடைய பீரியடும் அவருடையதில்லை. கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடும். விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பேற்ற உதயநிதி ஸ்டாலின், தயவுசெய்து அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் அறையில் அலமாரி நிறையக் கோப்பைகள் இருக்கின்றன. ஓரமாக நின்ற ஒரு பிள்ளை களத்துக்குள் வந்ததற்கு எந்தக் கோப்பையும் தருவதில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் கல்லூரி செய்யக்கூடியது மிச்சமிருக்கிறது. அதைச் சொல்ல, நம் தெருவுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

கிளித்தட்டோ நொண்டியோ ஆடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவருடைய தம்பியோ தங்கையோ மூக்கொழுக வந்து நிற்கும். விரட்டினால் வீட்டில் போய்ச் சொல்லிவிடும். “சரி, ஒப்புக்குச் சப்பாணி” என்று சேர்த்துக்கொள்வார்கள். அது பிடிபட்டாலும் அவுட் இல்லை. அது தொட்டாலும் கணக்கில்லை. சொல்லில் கேலி உண்டு. ஊனத்தைப் பழிக்கிற முள்ளும் உண்டு, அது வேண்டாம். ஆனால் அந்த ஏற்பாடு பெருந்தன்மையானது. குழந்தை திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை. களத்துக்குள்ளேயே ஓடியது, விழுந்தது, பெரியவர்கள் எந்தப் பக்கம் ஏமாற்றித் திரும்புகிறார்கள் என்று கூடவே ஓடிப் பார்த்தது. ஒரு கோடை விடுமுறை கழிந்து வந்தால் அது கணக்கில் சேர்ந்த ஆட்டக்காரர். அவுட் ஆகாத உரிமைதான் அதற்குப் பள்ளிக்கூடம்.

பள்ளியில் இதை அப்படியே தலைகீழாக்கியிருக்கிறோம். அவுட் ஆனவன் உட்கார வேண்டும். முதலில் அவுட் ஆகிறவன் யார்? ஓட வராதவன். ஆக, ஓடிப் பழக வேண்டியவன்தான் ஆட்டத்தின் பெரும்பகுதியை உட்கார்ந்து கழிக்கிறான். நன்றாக ஓடுகிறவன் கடைசிவரை ஓடுகிறான். வாசிக்கத் திணறுகிற பிள்ளையிடமிருந்து முதலில் புத்தகத்தைப் பிடுங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதை மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை. அவுட் ஆனால் கோட்டுக்கு வெளியே பத்துத் தடவை நொண்டியடித்துவிட்டு மறுபடி உள்ளே வா என்று விதியைத் திருத்தினால் போதும். ஆட்டத்தின் விதியைத் திருத்தும் அதிகாரம் தனக்கு இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் வாலிபால் கோர்ட்டின் அளவு, வலையின் உயரம், 400 மீட்டர் ஓடுதளத்தில் கோடு போடும் கணக்கு எல்லாம் பிசகாமல் கேட்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வலையை எவ்வளவு இறக்குவாய் என்று கேட்பது அபூர்வம்.

இன்னொரு கணக்கு. ஒரு பீரியட் 40 நிமிடம். வரிசையில் நிற்க, வருகை எடுக்க, உடம்பைச் சூடாக்க, கலைய என்று பத்து நிமிடம் போனால் மீதி 30 நிமிடம், அதாவது 1,800 நொடி. வகுப்பில் 50 பிள்ளைகள், கையில் ஒரு பந்து. சரிசமமாகப் பங்கு போட்டாலும் ஒரு பிள்ளைக்கு 36 நொடி. சரிசமமாக யார் பங்கு போடுகிறார்கள்? ஆறு பையன்கள் 1,500 நொடியை எடுத்துக்கொள்வார்கள். பழைய துணியைச் சுருட்டிச் சணலால் கட்டிய 25 பந்துகள் இருந்தால், இரண்டிரண்டு பேராக நின்று எல்லோருமே 30 நிமிடமும் எறிந்து பிடிக்கலாம். துணிப்பந்து முகத்தில் பட்டாலும் வலிக்காது. ஆகவே முகம் திரும்பாது. பந்து இல்லை, நிதி இல்லை என்ற புலம்பலில் பாதி உண்மை. மீதி, 50 பிள்ளைகளை ஒரே நேரத்தில் இயங்க வைக்கும் வித்தையைச் சொல்லித்தராததன் விளைவு. இது பேச்சால் வருவதில்லை. துணிப்பந்தும் சாக்பீஸ் வட்டமும் வைத்துக்கொண்டு, உண்மையான பிள்ளைகள் முன்னால் நின்று, குழம்பி, மறுநாள் சரிசெய்து பழக வேண்டிய கைத்தொழில்.

அதற்கு இடம் கற்பித்தல் பயிற்சிதான். பயிற்சி ஆசிரியர்கள் பாடத்திட்ட ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதுகிறார்கள்: பொதுப் பாடம், தனிப் பாடம், கூடுதல், கலைதல், கட்டளைச் சொற்கள், வரிசைப் படங்கள். கைக்குக் கை இறங்கிவரும் நோட்டு அது. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும். எந்தப் பிள்ளைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை, அடுத்த வகுப்பில் என்ன செய்தேன் என்பதற்குக் கட்டம் இருக்காது. எனக்கு ஒரு ஆசை. முதல் மாதம் பயிற்சி ஆசிரியரின் கழுத்திலிருந்து விசிலை வாங்கி வைத்துவிட வேண்டும். பக்கத்திலுள்ள தொடக்கப் பள்ளிக்குப் போய், ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, அது எப்படி ஓடுகிறது, குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்குகிறதா, எப்போது சிரிக்கிறது, எந்த ஆட்டம் தொடங்கியதும் தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடுகிறது என்று எழுதிவர வேண்டும். பார்க்கத் தெரிந்த பிறகு கற்றுத்தரட்டும். தேர்வு நாளில் மதிப்பிட வருகிறவரும் அணிவகுப்பின் நேர்த்தியைப் பார்க்க வேண்டாம். வகுப்பில் பின்தங்கிய மூன்று பிள்ளைகளை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு, அந்த மூவர் பாடம் முழுக்க என்ன செய்தார்கள் என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடட்டும்.

இன்னொன்றும் வேண்டும், கொஞ்சம் கொடுமையானது. பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரையும் அவருக்குச் சுத்தமாகக் கைவராத ஒன்றை ஒரு பருவம் முழுக்கக் கற்க வைக்க வேண்டும். கபடிக்காரரைப் பரதத்தின் அடவுகளுக்கு அனுப்புங்கள். தண்ணீரைக் கண்டு நடுங்குபவரைக் குளத்தில் இறக்குங்கள். சக மாணவர்கள் பார்க்கக் கால் பின்னி விழும்போது உடம்பு எப்படிக் கூசும், அந்த நேரத்தில் ஆசிரியர் சொல்லும் ஒரு சொல் எப்படித் தைக்கும் அல்லது தூக்கிவிடும் என்று அவர் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. துணிவும் விருப்பமும் உடல் எழுத்தறிவில் பாதி என்றால், அவை எப்படிக் கெடுகின்றன என்பதை அனுபவித்தவருக்குத்தானே காக்கத் தெரியும்?

கெடுப்பதில் நமக்கு நல்ல தேர்ச்சி உண்டு. “கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடிட்டு வா.” வீட்டுப்பாடம் செய்யாததற்கு, சத்தம் போட்டதற்கு, தாமதமாக வந்ததற்கு. தோப்புக்கரணத்தையும் விட்டுவைக்கவில்லை. ஓட்டத்தைத் தண்டனையாகவே அறிந்த ஒருவர், ஐம்பது வயதில் சர்க்கரை ஏறி டாக்டர் நடக்கச் சொல்லும்போதும் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வார். தமிழாசிரியர் ‘பத்துக் குறள் படி, அதுதான் உனக்குத் தண்டனை’ என்றால் நமக்கே வருத்தமாக இருக்கும்.

பெண் பிள்ளைகளின் கதை தனி. எட்டாம் வகுப்பு வரை எறிபந்தும் கோகோவும் ஆடியவள், ஒன்பதாம் வகுப்பில் துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறாள். மாதவிடாய் நாளில் சாரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சாருக்கும் என்ன கேட்பது என்று தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் “உடம்பு சரியில்லையா? உட்கார்ந்துக்கோ” என்ற வாக்கியம் நிரந்தரமாக நிற்கிறது. இந்த உரையாடலை எப்படித் தொடங்குவது என்பதைக் கல்லூரியில் ஒத்திகை பார்க்கலாம். வெட்கப்படுகிறவர்கள் அங்கேயே வெட்கப்பட்டு முடிக்கட்டும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் என்றதும் எல்லோரும் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலுவைச் சொல்வார்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம். சின்ன வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த சிறுவனை, தாண்டிப் பார் என்று தூண்டியது அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பெருமைதான். ஆனால் அந்த ஆசிரியருக்கு அப்படி ஒரு கண் வாய்த்தது தற்செயல். எந்தப் பாடத்திட்டமும் அதைத் தரவில்லை. தங்கம் வாங்கப்போகிற கால் என்று தெரிந்து யாரும் தூண்ட முடியாது. எந்தப் பதக்கமும் வாங்கப்போகாத காலையும் அதே கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு பயமும் எனக்கு உண்டு. இந்தச் சொல் நம் கல்வித் துறைக்குப் பிடித்துப்போனால், அடுத்த வாரமே அதற்கொரு செயலி வந்துவிடும். ஏற்கெனவே ஃபிட் இந்தியா சோதனைகள் இருக்கின்றன: ஒற்றைக் காலில் நிற்பது, தட்டுகளை மாற்றி மாற்றித் தட்டுவது, உயரம், எடை. சோதனையில் தவறில்லை, அதன் பிறகு ஏதாவது நடந்தால். ஒற்றைக் காலில் மூன்று நொடிகூட நிற்க முடியாத பிள்ளைக்கு நாளை முதல் பாண்டி ஆடச் சொல்வோம் என்று ஆசிரியருக்குத் தோன்றினால் அது கல்வி. பாண்டியில் என்ன இல்லை? நொண்டல், சமநிலை, குறி, குனிந்து நிமிர்தல், முறை காத்தல் எல்லாம் ஒரு சாக்பீஸ் துண்டில் முடிகிறது. எண்ணைக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டால் அது எழுத்தர் வேலை.

கடைசியாக, தொடக்கப் பள்ளிக்கே வர வேண்டும். இந்த எழுத்தறிவின் அ, ஆ ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் நடக்கிறது. அங்கேதான் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் இடைநிலை ஆசிரியர்தான் அந்தப் பிள்ளைகளின் உடற்கல்வி ஆசிரியரும். பணியிடம் உருவாக்க அரசுக்கு மனமும் பணமும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் படிக்கும் வருங்கால இடைநிலை ஆசிரியரையும், உடற்கல்வியியல் கல்லூரியின் மாணவரையும் ஒரே தொடக்கப் பள்ளிக்கு ஒரு மாதம் சேர்த்து அனுப்பலாம். ஒருவருக்குக் குழந்தைகளைத் தெரியும், மற்றவருக்கு உடம்பைத் தெரியும். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வார்கள், சண்டையும் போடுவார்கள்.

நான் படித்த பள்ளியில் மைதானம் பெரியது. வேப்பமரம் இருந்தது, என் பி.டி. பீரியட்கள் பெரும்பாலும் அதன் நிழலில்தான் கழிந்தன. சார் நல்லவர், ஒரு நாளும் அடித்ததில்லை. என்னைப் பார்த்ததும் இல்லை. இப்போதும் மாடியிலிருந்து வீட்டுச் சாவியை யாராவது போட்டால், இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, அது தரையில் விழுந்த பிறகுதான் எடுக்கிறேன்.